கையைப் பின்னால் கட்டிக்கொண்டவர்கள்

1984 கோடையில், என் மகள் ஷீலாவுக்கு ஆறு வயது இருக்கும்போது, ஒருநாள் வீட்டுக்குள்ளேயே என் பின்னால் நடந்து வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, சாப்பாட்டு மேசை, டெலிவிஷன், ஷூ அலமாரி என்று ஒவ்வொன்றின் அருகிலும் நின்று உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். என் மனைவி கிரேஸ் அடுப்படியிலிருந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க, பாருங்க. உங்களத்தான் பண்ணிக் காட்டுறா."

"நான் எப்ப இப்படி நடந்தேன்?"

"எப்பவுந்தான். கடையில தக்காளி வாங்கப் போனாலும் கையப் பின்னால கட்டிக்கிட்டு இன்ஸ்பெக்‌ஷன் பண்றீங்க. ஒரு தக்காளிய எடுத்து அமுக்கிப் பாத்திருக்கீங்களா? எல்லாம் நாந்தான் பாக்கணும்."

அது வேலையில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓக்லண்டில் நான் வேலை பார்த்த மாநில நீர் அலுவலகத்தில், கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பார்வையிடப் போகிற எல்லாரும் அப்படித்தான் நடப்போம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தையும், அது ஒரு வருஷம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் எழுதச் சொல்லிப் பழைய அலுவலக நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இப்போது பழைய சுத்திகரிப்பு அமைப்புகளைப் பழுது பார்ப்பதற்கென்றே தனியாகப் பணம் ஒதுக்குகிறார்கள். அது என்றைக்கும் இருந்த வழக்கம் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்களாம். அப்படி இல்லை. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. தேதிகள் கையில் இருக்கின்றன. வாசிப்பவருக்குச் சலிப்புத் தட்டாமல் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பாளையங்கோட்டையில் பிறந்தேன். சென்னையில் சிவில் எஞ்சினியரிங். பிறகு சில காலம் தாமிரபரணிக் கால்வாய்களில் அரசு வேலை. அந்தத் துறைக்குப் பெரியவர்கள் அப்போதும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்: மராமத்து இலாகா, அதாவது பழுது பார்க்கும் துறை. டெக்சாஸில் மேற்படிப்பு, 1977இல் கலிஃபோர்னியாவில் இந்த வேலை. கிராமங்களும் சிறு ஊர்களும் அசுத்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய மானியம் கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களைப் படிப்பது, இடத்தைப் போய்ப் பார்ப்பது, மதிப்பெண் போடுவது. மதிப்பெண் வரிசைப்படி மேலே இருப்பவர்களுக்குப் பணம். பணம் தீர்ந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அடுத்த வருஷம் வரலாம்.

என் மேலதிகாரியின் பெயர் ஹால்வர். மற்றவர்கள் அவரை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கடைசிவரை நாக்கு வரவில்லை, 'மிஸ்டர் ஹால்வர்'தான். உயரமான மனிதர். விண்ணப்பங்களை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரத்தில் ஓர் உயர மேசை போட்டு, நின்றுகொண்டே, பென்சிலோடு படிப்பார். எந்த விண்ணப்பத்திலும் அவர் 'முடியாது' என்று எழுதி நான் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார். "ஞாயிற்றுக்கிழமை இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" "இந்த பம்ப் நின்றால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" பதில் வந்தால் அடுத்த கேள்வி. பதில் வராவிட்டால் விண்ணப்பம் தானாகவே கீழே இறங்கிவிடும். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. அவர் கேட்டது கேள்விதானே.

தினமும் வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. வெளியிடங்களுக்குப் போகும்போதும் அதுதான். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிடுவார், அதற்கு மேல் ஒரு மடிப்பு கிடையாது. மதியம் பன்னிரண்டுக்கு ஓர் ஆப்பிளை மடக்குக் கத்தியால் ஒரே அளவாக நறுக்கிச் சாப்பிடுவார். முதன்முதலில் சுரங்கம் பார்க்க என்னை அழைத்துப் போனபோது, காரிலிருந்து இறங்கியதும் சொன்னார்:

"சாம், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிறவர் அல்ல. போகப் போக விளக்கினார். பழைய சுரங்கத்துக்கு உரிமையாளன் கிடையாது. தாமிரமோ பாதரசமோ எடுத்து முடித்த கம்பெனி எப்போதோ கலைந்து போயிருக்கும். மலைக்குள் தோண்டிய குகையில் மழைத் தண்ணீர் இறங்கி, பாறையோடு சேர்ந்து அமிலமாகி, செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் வாய்வழியே வந்துகொண்டே இருக்கும். இதற்கு யார் பொறுப்பு? கம்பெனி இல்லாதபோது, அந்தத் தண்ணீரைக் கடைசியாகக் கையாண்டவர்தான் பொறுப்பு என்று வழக்கு வரலாம் என்பது எங்கள் வழக்கறிஞர்களின் கருத்து. ஒரு வால்வைத் திருப்பினால் போதும். ஒரு கல்லை நகர்த்தினால் போதும். அதன் பிறகு அந்தத் தண்ணீர் மாநிலத்தின் தண்ணீர். அது கொல்லும் ஒவ்வொரு மீனும் மாநிலத்தின் மீன்.

"தொட்டால் நம்முடையது" என்றார் ஹால்வர். "அதனால் பார்க்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். தொடக்கூடாது."

அதுதான் எங்கள் நடை. என் மகள் பார்த்தது அதைத்தான்.

அலுவலகத்தில் இன்னொரு விதியும் இருந்தது. புதிதாகக் கட்டுவதற்கு மானியம் உண்டு. கட்டியதைப் பழுது பார்ப்பதற்குக் கிடையாது. மதிப்பெண் தாளில் 'பழுது' என்ற இடத்துக்கு நேராகப் பூஜ்யம்தான். மராமத்து இலாகாவிலிருந்து வந்த எனக்கு இது விசித்திரமாக இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியமே உண்டு என்று படித்தவன் நான். ஹால்வரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன பதில் நியாயமாகத்தான் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல ஊர்கள் அரசுப் பணத்தில் கட்டிக்கொண்டு, எண்ணெய்கூடப் போடாமல் துருப்பிடிக்க விட்டுவிட்டு, திரும்பக் கையேந்தி வந்தன. பழுதுக்குப் பணம் கொடுத்தால் ஒழுங்காகப் பராமரித்த ஊரை முட்டாளாக்கிய மாதிரி ஆகும். அதனால் அந்த விதியை அவரே எழுதினார்.

1985 ஆகஸ்டில் ஒரு பழைய தாமிரச் சுரங்கம் பற்றி விண்ணப்பம் வந்தது.

சியரா மலையடிவாரத்தில், ஓக் மரங்களும் காய்ந்த புல்லுமான இடம். எங்கள் பிளசன்டன் வீட்டிலிருந்து 580 ஃப்ரீவேயில் கிளம்பி, ஆல்டமான்ட் கணவாயில் புதிதாக முளைத்திருந்த காற்றாலைகளைக் கடந்து, சமவெளி முழுவதையும் தாண்டிப் போக வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் மாநில மானியத்தில் அங்கே ஒரு சுத்திகரிப்பு அமைப்புக் கட்டியிருந்தார்கள். எளிமையானது. குகை வாயிலிருந்து வரும் ஆரஞ்சுத் தண்ணீர் ஒரு தகரக் கொட்டகைக்குள் போகும். அங்கே அதோடு சுண்ணாம்பு கலக்கும். அமிலம் முறிந்ததும் கரைந்திருந்த உலோகமெல்லாம் கசடாகத் திரண்டு, அடுத்தடுத்து இருந்த இரண்டு குளங்களில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் ஓடையில் இறங்கும். ஓடைக்குக் கீழே மாட்டுப் பண்ணைகள், அதற்கும் கீழே ஒரு சிறு ஊரின் கிணறுகள். அந்த ஊர்க்காரர்களே ஒரு சிறிய நீர்ச் சபை வைத்து அமைப்பை நடத்தி வந்தார்கள். சபைத் தலைவி லொரெய்ன் என்ற பண்ணைக்காரப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ஓடையை ஒட்டிய முதல் பண்ணை அவருடையது.

ஹால்வரும் நானும் போனோம். வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தோம். முதல் குளத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. குளத்தில் தண்ணீரே இல்லை என்று சொல்லிவிடலாம். விளிம்புவரை ஆரஞ்சுக் கசடு, தயிர் மாதிரி. அதன் மேலே ஒரு விரற்கடை தண்ணீர் தவழ்ந்து போனது. இரண்டாவது குளமும் முக்கால் நிறைந்திருந்தது. அடியில் விரித்திருந்த கனத்த பிளாஸ்டிக் விரிப்பு ஓர் ஓரத்தில் கிழிந்து மேலே வந்திருந்தது.

லொரெய்ன் சுற்றி வளைக்கவில்லை. "இதைக் கட்டாமலே இருந்திருந்தால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் போயிருக்கும். இப்போது ஏழு வருஷ விஷத்தை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒரு நல்ல மழையில் தண்ணீர் கரைக்கு மேலே ஏறினால் எல்லாம் ஒரே நாளில் என் வாசலுக்கு வரும்."

"கசடை அள்ள வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எங்களிடம் இருக்கிற பணம் சுண்ணாம்பு வாங்கத்தான் போதும். அள்ளுவதற்கு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இயந்திரத்தோடு வரத் தயார். ஆனால் உங்கள் வக்கீல் வேண்டாம் என்கிறார். அள்ளினவன்தான் கசடுக்குச் சொந்தக்காரனாம்."

இரண்டாவது குளத்தின் வெளிவாயில் மரப்பலகைகள் செருகியிருந்தார்கள். அவற்றில் மேல் பலகை நழுவி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்து வழியாகக் கசடு கலந்த தண்ணீர் நூல்போல ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நின்றது அந்தப் பலகைக்குப் பக்கத்தில். லொரெய்ன் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"மிஸ்டர் சாமுவேல், அந்தப் பலகையைக் கொஞ்சம் அழுத்திவிடுங்கள்."

ஒரு கை வைத்து அழுத்தினால் போதும். நான் ஹால்வரைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கைகளும் பின்னால்தான் இருந்தன.

லொரெய்ன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். சரிவில் பூட்ஸ் வழுக்க, கசடில் கால் பதிய வந்து, குனிந்து, பலகையை ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். தண்ணீர் நின்றது. கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குக் கையில் ஏதாவது வலியா?"

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் ஷீலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, யூ ஸ்மெல் லைக் அ ரஸ்டி நெயில்." துருப்பிடித்த ஆணி நாற்றமாம்.

மறுவாரம் நான் மதிப்பெண் தாளை நிரப்பினேன். கசடு அள்ளுவது, விரிப்பு மாற்றுவது, சுண்ணாம்புக் கொட்டகையின் பழுது. மூன்றும் 'பழுது'. பூஜ்யம். ஹால்வரின் உயர மேசையில் வைத்தேன். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கேள்வி எதுவும் எழுதவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் கேள்வி எழுதாமல் வைத்த ஒரே விண்ணப்பம் அதுதான். அதற்குக் கீழே கையெழுத்தும் இல்லை.

எங்கள் அலுவலகத்தின் நிதிப் பிரிவில் வசந்தா இருந்தார். மயிலாப்பூர்க்காரர். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மதியச் சாப்பாட்டில் ஒரே மேசை. அவருடைய தயிர் சாதமும் கிரேஸின் மீன் குழம்பும் எதிரெதிர் மூலைகளில் இருக்கும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"அதாவது, பிளான்ட் ஒழுங்கா வொர்க் ஆச்சு. அதனாலதான் ரொம்பிடுத்து. கரெக்டா?"

"ஆமா."

"சாமுவேல், இது எப்படி இருக்கு தெரியுமா? ஒருத்தருக்கு ஜோரா கிச்சன் கட்டிக் குடுக்கறோம். ரிப்பன் கட் பண்றோம். நன்னா சமைக்கறா. அப்புறம் ஸிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கறதேன்னா, 'பாத்திரம் தேய்க்கறதுக்கெல்லாம் ஃபண்ட் கிடையாது, வேணும்னா புதுசா ஒரு கிச்சன் அப்ளை பண்ணு'ங்கறேள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஹால்வர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன வேடிக்கை?" என்று கேட்டார். தயங்கித் தயங்கி மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆப்பிளில் பாதி வரை போன கத்தி அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மிச்சத்தை நறுக்காமலே கடித்துத் தின்றார். அவர் அப்படிச் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"என்ன, உங்க பாஸ் கோச்சுண்டுட்டாரா?" என்று வசந்தா தமிழில் கேட்டார்.

"தெரியல. கோவம் வந்தா கேள்வி கேப்பாரு. கேள்வியே கேக்கல."

வருஷா வருஷம் மதிப்பெண் பட்டியலை இறுதி செய்ய, ஐந்து பேர் கொண்ட குழு சாக்ரமென்டோவில் பொது விசாரணை நடத்தும். பட்டியலில் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களும் வந்து பேசலாம். அந்த வருஷம் விசாரணை அக்டோபரில் நடந்தது. கலிஃபோர்னியாவில் அக்டோபர் என்றால் மழைக்கு முந்தைய மாதம். அன்று இல்லையென்றால் அந்த வருஷம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

லொரெய்ன் தனியாக வந்திருந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. ஒலிபெருக்கி முன் நின்று, பண்ணை வாசலில் பேசுகிற குரலிலேயே பேசினார்.

"எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை வாய்க்கால் நாள். மலையிலிருந்து எங்கள் பண்ணைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை எல்லாரும் சேர்ந்து தூர் வாருவோம். வராதவர் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். அதுவும் வராவிட்டால் அவரைப் பற்றிக் கிறிஸ்துமஸ் வரை பேசுவோம்."

குழுவில் இரண்டொருவர் சிரித்தார்கள்.

"வாருவது எங்களுக்குப் புதிதல்ல. சுத்தம் செய்தால் குற்றம் என்று இந்த வருஷம்தான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். பழுதுக்குப் பணமில்லை என்கிறீர்கள். சரி. எங்களையும் தொட விடமாட்டேன் என்கிறீர்கள். உங்கள் ஆட்களும் தொட மாட்டார்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படியென்றால் தொடப்போவது மழை மட்டும்தான். இந்த விதியை எழுதியவர் தன் வாழ்நாளில் ஒரு வாய்க்காலையாவது வாரியிருப்பாரா என்று தெரியவில்லை. அவ்வளவுதான்."

குழுத் தலைவர் தாள்களைப் புரட்டினார். "ஊழியர்கள் தரப்பில் யார்? பழுதுக்கு விதியில் இடமுண்டா?"

ஹால்வர் எழுந்தார். அன்றும் வெள்ளைச் சட்டை.

"இல்லை" என்றார். "விதியை எழுதியவன் நான். நான் எந்த வாய்க்காலையும் வாரியதில்லை."

தலைவர் கேட்டார்: "விதியைக் காப்பாற்றப் பேசுகிறீர்களா, எதிர்த்துப் பேசுகிறீர்களா?"

"இரண்டும். கட்டியதைக் கவனிக்காமல் விட்ட ஊர்களுக்காக அதை எழுதினேன். அந்த ஊர்களுக்கு அது இன்றும் சரி. ஆனால் இந்தக் குளங்கள் யாரும் கவனிக்காததால் நிறையவில்லை. சரியாக வேலை செய்ததால் நிறைந்தன. வேலை செய்தால் நிறைந்துதான் ஆக வேண்டும் என்பது கட்டும்போதே நமக்குத் தெரியும். நிறைந்த பிறகு என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்." நிதிப் பிரிவினர் உட்கார்ந்திருந்த வரிசைப் பக்கம் திரும்பினார். "எங்கள் அலுவலகத்தில் ஓர் அம்மையார் சொன்னார், நாம் சமையலறை கட்டிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் பணமில்லை என்கிறோமாம். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். நிதிப் பிரிவு வரிசையில் வசந்தா தலையைக் குனிந்துகொண்டு, அழிப்பதற்கு எதுவுமில்லாத தாளை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குழு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியது. பணம் எங்கே என்று ஒருவர் கேட்டார். வசந்தா எழுந்து, முடிந்த வேலைகள் சிலவற்றில் மதிப்பீட்டைவிடக் குறைவாகச் செலவாகி மிச்சம் நிற்பதைச் சொன்னார். பிறகு வெளியே வந்தபோது, "இது எப்போதிலிருந்து தெரியும்?" என்று அவரைக் கேட்டேன். "எப்பவும் தெரியும். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. கேக்காம சொன்னா அதையும் ஒரு புதுக் கட்டடத்துல போட்டுடுவேள்" என்றார்.

எங்கள் அலுவலக வழக்கறிஞர்தான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. தொட்டால் நம்முடையது என்பதை அவர் மூன்று விதமாகச் சொன்னார். முடிவில் மூன்றுக்கு இரண்டு என்று வாக்கு விழுந்தது. பழுது வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும், அமைப்பை நடத்துபவர் மாநிலம்தான். வேலை நடக்கும் நேரமெல்லாம் மாநிலத்தின் பொறியாளர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து மானியத்தில் ஒரு சிறு பங்கு, இந்த வகைப் பழுதுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். மாநிலத்தின் பொறியாளர் என்று என் பெயரை எழுதினார்கள்.

படியிறங்கும்போது ஹால்வர் சொன்னார்: "சாம், இனிமேல் நீங்கள் தொடலாம்."

நவம்பர் முழுவதும் அந்த ஊர் மோட்டலில் தங்கினேன். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன். வேலையின் வரிசை இதுதான். முதலில் தண்ணீர் முழுவதையும் இரண்டாவது குளத்துக்குத் திருப்பிவிட்டு, முதல் குளத்துக் கசடை அள்ளி, மேட்டில் விரிப்புப் போட்டுத் தயார் செய்த பள்ளத்தில் கொட்டிக் காயவிடுவது. பிறகு குளத்துக்குப் புது விரிப்பு. அது முடிந்ததும் தண்ணீரை இங்கே திருப்பிவிட்டு, இரண்டாவது குளத்தைக் காலி செய்வது. அள்ளும் இயந்திரத்தின் பல் அடியிலிருந்த பழைய விரிப்பைக் கிழித்தால் கசடு மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் கடைசி ஓரத்தைக் கையால்தான் வாரினோம். நானும் வாரினேன். நம் ஊர் மண்வெட்டி போலக் குனிந்து இழுப்பது அல்ல; நீளக் காம்பு வைத்த ஷவல், நின்றபடி தள்ளி அள்ளுவது. முதல் வாரம் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. முதல் நாள் வெளிவாயில் இருந்த அந்தப் பலகையைக் கழற்றி, இறுக்கமாகத் திரும்பச் செருகினேன். எட்டு வருஷ வேலையில் ஒரு சுரங்கத்தில் நான் தொட்ட முதல் பொருள். லொரெய்ன் பார்த்துக்கொண்டிருந்தார். "வலி போய்விட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் குளம் முழுதாக முடிந்தது. இரண்டாவதில் கசடை அள்ளிவிட்டோம். விரிப்புப் போடுவதற்குள் மழை தொடங்கிவிட்டது. அப்படியே நிறுத்த வேண்டியதாயிற்று. டிசம்பரில் ஹால்வர் ஓய்வு பெற்றார். பிரிவு விழா வேண்டாமென்று சொல்லிவிட்டு, உயர மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

1986 பிப்ரவரி மழையை வட கலிஃபோர்னியாவில் அப்போது இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. ஆறுகள் கரை உடைத்தன; மலைச்சாலைகள் மூடப்பட்டன. என்னால் போக முடியவில்லை. அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே தொலைபேசிக் கம்பியும் அறுந்திருந்தது. புது விரிப்பு போட்டது ஒரு குளத்துக்குத்தான். கரையின் உயரம், குகை வாயில் வரக்கூடிய தண்ணீரின் அளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குப்படி தாங்க வேண்டும். கணக்குப் போட்டவன் நான் என்பதால் அதில் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. கிரேஸ் வீட்டு ஜெபத்தில் அந்த ஓடையையும் சேர்த்துக்கொண்டாள்; பெயர் தெரியாததால் 'அவங்க ஓடை' என்றாள்.

மழை விட்ட மறுநாள் காலை, கம்பி சரியானதும், லொரெய்ன் கூப்பிட்டார்.

"ஓடை என் மாட்டுக் கொட்டகை வரை ஏறிவிட்டது" என்றார். "வேலி போய்விட்டது. இரண்டு கன்று போய்விட்டது."

"தண்ணீர்?"

"பழுப்பு."

அவரே மறுபடி சொன்னார்.

"வெறும் சேற்றுப் பழுப்பு, மிஸ்டர் சாமுவேல். ஆரஞ்சு இல்லை."

ஹால்வர் வீட்டுக்குத் தொலைபேசி செய்து அதே சொல்லைச் சொன்னேன். "பழுப்பு" என்று திருப்பிச் சொன்னார். அப்புறம், "அடுத்த அக்டோபரில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். பழுதுக்கான பங்கு பட்டியலில் ஏறிவிட்டது, முதல் வரிசையே இந்தச் சுரங்கம்தான் என்றேன். "நான் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த ஆண்டு கோடையில் இரண்டாவது குளமும் முடிந்தது. 1986 அக்டோபரில் வாய்க்கால் நாள் வந்தது. சுரங்கத்துக்கு மேலே, மழைத் தண்ணீர் குகைப் பக்கம் போகாமல் திருப்பிவிடும் ஒரு சுத்தத் தண்ணீர் வாய்க்காலையும் அன்று சேர்த்து வாருவது என்று ஊர்ச் சபை முடிவு செய்திருந்தது. சுரங்கத் தண்ணீர் கலக்காத வாய்க்கால் என்பதால் வழக்கறிஞரும் ஒப்புக்கொண்டார். கிரேஸ் ஒரு பெரிய பாத்திரத்தில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். ஷீலாவும் வருவேன் என்று வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். சரிவுக்குக் கீழே ஒரு பழைய கார் வந்து நின்றது. ஹால்வர் இறங்கினார். நான் தேதி சொல்லவில்லை, எப்படித் தெரிந்துகொண்டாரோ. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு மடிப்புக் கை. மேலே ஏறி வந்து, வரிசையாக நின்றவர்களையும் வாய்க்காலையும் பார்த்தபடி கொஞ்சம் நடந்தார். கைகள் பின்னால் கோத்திருந்தன. அவருக்குப் பின்னால் ஷீலாவும் அதே மாதிரி கோத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நான் கண்ணால் அதட்டினேன்.

லொரெய்ன் ஒரு ஷவலோடு அவரெதிரே வந்து நின்றார்.

"இன்னுமா?"

"பழக்கம்" என்றார் ஹால்வர்.

லொரெய்ன் ஷவலின் காம்பை அவர் பக்கம் நீட்டினார். "அந்தக் கோடியிலிருந்து ஆரம்பியுங்கள். நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம்."

ஹால்வர் பின்னாலிருந்து கையை எடுத்தார். ஷவலை வாங்குவதற்கு முன் சட்டைக் கையை மூன்றாவது மடிப்பு மடித்தார். நான்காவதும் மடித்தார். முழங்கைக்கு மேல் வெயில் படாத வெளுப்பு. ஷவலைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கோடிக்குத் தனியாக நடந்து போனார்.

மதியம் வாய்க்காலின் நடுவில் இரண்டு பக்கமும் சந்தித்தோம். அவருடைய சட்டை முழுவதும் சேறு. வராத வீடுகளிலிருந்து வந்த சாப்பாட்டை எல்லாரும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் பையிலிருந்து ஆப்பிளை எடுத்தார், கத்தியைத் தேடவில்லை. கையிலிருந்த மண்ணோடு ஒரு கடி கடித்து, மென்று முடித்து, லொரெய்ன் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் எந்தச் சனிக்கிழமை?"